நைட் விஷன் கருவிக்கு ஐரிஸ் மூடி தேர்ந்தெடுப்பது: துளை அளவு முதல் ஃபோகஸ் வரை

நைட் விஷன் கருவியை மாட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கியதுமே ஒரு தொல்லை தெரிந்துவிடும். தூரத்து மரம் துல்லியமாக இருக்கிறது. காலடியில் கிடக்கும் கல் பஞ்சுப் பொதிபோலத் தெரிகிறது. ஃபோகஸைக் காலடிக்குத் திருப்பினால் மரம் கரைந்துபோகிறது. கையில் இருப்பதைப் பார்க்க ஒரு திருப்பு, நிமிர்ந்ததும் மறுபடி ஒரு திருப்பு. இந்தத் திருகலைக் குறைக்கத்தான் அப்ஜெக்டிவ் லென்ஸின் (காட்சியை நோக்கியிருக்கும் முன்லென்ஸின்) முகப்பில் சிறு துளையுள்ள மூடியைப் போடுகிறார்கள். துளையைக் கூட்டிக் குறைக்க முடிந்தால் அது ஐரிஸ் மூடி.

கேமராவில் இதே வேலையைச் செய்யும்போது குறையும் ஒளியை ஷட்டர் நேரத்தை நீட்டி ஈடுகட்டலாம். இங்கே அந்த வசதி இல்லை. மூடி தரும் கூர்மை முழுவதும் ஒளியை விற்று வாங்கியது. அதனால் மூடி எவ்வளவு சிறிதாக மூடுகிறது என்று பார்ப்பதைவிட, தேவையில்லாதபோது எவ்வளவு விரைவாக, எவ்வளவு முழுமையாக வழியை விட்டு விலகுகிறது என்று பார்ப்பதே சரியான தேர்வுக்குக் கொண்டுபோகும். கீழே உள்ள கணக்குகள் எல்லாம் அங்கேதான் வந்து முடிகின்றன.

கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் லென்ஸ்

பி.வி.எஸ்-14 என்ற ஒற்றைக் குழாய் நைட் விஷன் வகைக் கருவிகளில் அப்ஜெக்டிவ் லென்ஸின் குவியத் தூரம் சுமார் 27 மி.மீ., எஃப் எண் 1.2, பார்வைப் புலம் 40 பாகை. 27-ஐ 1.2-ஆல் வகுத்தால் ஒளி நுழையும் விட்டம் சுமார் 22 மி.மீ. ஹெல்மெட்டில் மாட்டும் இரட்டைக் குழாய்க் கருவிகளில் பெரும்பாலானவையும் இதே அளவை ஒட்டியவை. உங்கள் கருவியின் எண்கள் வேறாக இருந்தால், குவியத் தூரத்தை எஃப் எண்ணால் வகுத்து வரும் விட்டத்தை 22-க்குப் பதிலாகப் போட்டுக்கொள்ளுங்கள். சென்சார் உள்ள டிஜிட்டல் கருவிகளுக்கும் முறை இதுவே. ஆனால் அவற்றில் பலவற்றின் சென்சார் ஒளிக்கு ஏற்கெனவே திணறும் என்பதால், மூடி போட அங்கே இடம் குறைவு.

துளை எவ்வளவு சிறிதாக இருக்க வேண்டும்

இதற்கு ஓர் எளிய விதி இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. ஃபோகஸை முடிவிலிக்கு வைத்திருந்தால், அருகில் உள்ள எந்தப் பொருளின் மேலும் விழும் மங்கல் சரியாகத் துளையின் விட்டத்துக்குச் சமம். அரை மீட்டரில் இருந்தாலும் மூன்று மீட்டரில் இருந்தாலும் அதேதான். திறந்த லென்ஸில் ஒவ்வொரு புள்ளியும் 22 மி.மீ. அகல வட்டமாகப் பரவும். 6 மி.மீ. துளை போட்டால் 6 மி.மீ. வட்டம். எனவே தூரத்தை மறந்துவிட்டு, அருகில் நீங்கள் கட்டாயம் பார்த்தாக வேண்டிய மிகச் சிறிய விவரம் எத்தனை மில்லிமீட்டர் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். துளை அதைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது.

நடக்கும்போது தட்டுப்படும் வேர், கல், படிவிளிம்பு எல்லாம் 2 செ.மீ.க்கு மேற்பட்டவை. 8 முதல் 11 மி.மீ. துளையே போதும். கயிறு கட்டுவது, பக்கிள் மாட்டுவது, பையின் ஜிப்பைத் தேடுவது போன்றவற்றுக்கு 4 முதல் 6 மி.மீ. ரேடியோவின் குமிழையும் அதன் மேலுள்ள குறியையும் பிரித்தறிய 3 மி.மீ. எழுத்து படிக்க வேண்டுமானால் துளை எழுத்து உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. 9 மி.மீ. உயர எழுத்துக்கு 3 மி.மீ. துளை சரி. வரைபடத்தில் உள்ள 2 மி.மீ. எழுத்துக்கு முக்கால் மில்லிமீட்டருக்கும் குறைவான துளை வேண்டியிருக்கும்; அங்கே வேறொரு தடை வருகிறது.

துளை 1 மி.மீ.க்குக் கீழே போகும்போது ஒளி விளிம்பில் வளைந்து சிதறுவதே மங்கலாக மாறுகிறது. இரவில் கருவி அதிகம் பயன்படுத்தும் 0.8 மைக்ரோமீட்டர் அலைநீளத்துக்கு 1 மி.மீ. துளையின் சிதறல் சுமார் 1 மில்லிரேடியன் (ஒரு மீட்டர் தூரத்தில் 1 மி.மீ. அகலம் பிடிக்கும் கோணம்). லென்ஸும், ஒளியைப் பெருக்கித் திரையில் காட்டும் ட்யூபும் சேர்ந்து பிரித்துக் காட்டும் எல்லையோ முக்கால் மில்லிரேடியனை ஒட்டியது. ஆகவே அதற்குக் கீழே எவ்வளவு மூடினாலும் கூர்மை கூடாது. இருட்டு மட்டும் கூடும். முடிவிலி ஃபோகஸில் வைத்துக்கொண்டே வரைபடம் படிக்கலாம் என்று எந்த மூடியின் விளம்பரம் சொன்னாலும், பெரிய எழுத்தும் நல்ல வெளிச்சமும் இருந்தால் மட்டுமே அது நடக்கும். நுண்ணெழுத்துக்கு ஃபோகஸைத் திருப்புங்கள், அல்லது கருவிக்கு அடியில் கண்ணைத் தாழ்த்தி மங்கலான விளக்கில் வெறுங்கண்ணால் படியுங்கள். நைட் விஷன் போட்ட விமானிகள் காக்பிட் கருவிகளை அப்படித்தான் பார்க்கிறார்கள்.

அதற்கு என்ன விலை

ஒளியின் அளவு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 22 மி.மீ. திறப்போடு ஒப்பிட்டால்:

11 மி.மீ. — 4-ல் 1 பங்கு
8 மி.மீ. — 7.5-ல் 1 பங்கு
6 மி.மீ. — 13-ல் 1 பங்கு
4 மி.மீ. — 30-ல் 1 பங்கு
3 மி.மீ. — 54-ல் 1 பங்கு
2 மி.மீ. — 121-ல் 1 பங்கு
1 மி.மீ. — 484-ல் 1 பங்கு

இந்தப் பங்குகளை இரவின் வெளிச்சத்தோடு பொருத்திப் பாருங்கள். வானம் தெளிந்த பௌர்ணமியில் தரையில் 0.1 முதல் 0.3 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வரை இருக்கும். நிலவில்லாத, நட்சத்திரம் மட்டும் உள்ள இரவில் சுமார் 0.001 லக்ஸ். மேகமும் மூடினால் 0.0001 அளவுக்கு இறங்கும். பௌர்ணமியில் 6 மி.மீ. துளை போட்டால் ட்யூபுக்குக் கிடைப்பது கால் நிலவு இரவின் வெளிச்சம். நல்ல ட்யூபுக்கு அது பெரிய சிரமமில்லை. 10 லக்ஸ் தெருவிளக்கின் கீழ் 3 மி.மீ. போட்டாலும் நிலா வெளிச்சத்தின் அளவு மிஞ்சும். ஆனால் நட்சத்திர இரவில் 11 மி.மீ. துளையே உங்களை மேகம் மூடிய இரவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விட்டுவிடும், 3 மி.மீ. போட்டால் திரையில் பனித்தூறல்போல மினுக்கும் இரைச்சலைத் தவிர ஒன்றும் இராது. துளையின் மேல்வரம்பை உங்கள் தேவை நிர்ணயிக்கிறது, கீழ்வரம்பை வானம் நிர்ணயிக்கிறது. இரண்டும் ஒட்டாத இரவில் ஐ.ஆர். (வெறுங்கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு) விளக்கு வேண்டும், இல்லையேல் மூடியைத் திறந்துவிட வேண்டும்.

ஏமாற்றக்கூடிய ஒன்று இங்கே உண்டு. வெளிச்சம் தாராளமாக இருக்கும் இடத்தில் ட்யூபின் தானியங்கிப் பிரகாசக் கட்டுப்பாடு கெயினைக் (ஒளியைப் பெருக்கும் அளவைக்) குறைத்து வைத்திருக்கும். நீங்கள் ஐரிஸைப் பாதி மூடினால் அது கெயினைக் கூட்டித் திரையைப் பழைய பிரகாசத்துக்கே கொண்டுவந்துவிடும். அதனால் ஒன்றும் இழக்கவில்லை என்று தோன்றும். உண்மையில் வந்து சேரும் ஃபோட்டான்கள் குறைந்துவிட்டன. கால் பங்கு ஒளியில் சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம் பாதியாகிறது. பிரகாசத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். நிழலான பகுதியில் மினுக்கல் எவ்வளவு கூடியது என்று பாருங்கள்.

ஐ.ஆர். விளக்கை நம்புவோரும் கணக்குப் போட வேண்டும். 54 மடங்கு ஒளி குறைந்தால் விளக்கின் எட்டும் தூரம் அதன் வர்க்கமூலமான ஏழு மடங்குக்குச் சற்று மேல் குறையும். திறந்த லென்ஸில் 100 மீட்டர் எட்டிய விளக்கு 3 மி.மீ. துளையில் 14 மீட்டர்தான் எட்டும். கையருகு வேலைக்கு அது தாராளம்.

எந்த வகை மூடி

சந்தையில் உள்ளவற்றை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதலாவது, ஒரே அளவுத் துளையுள்ள ரப்பர் அல்லது பிளாஸ்டிக் மூடி. மலிவு, எடை கிடையாது, பழுதாக ஒன்றுமில்லை. தட்டு மாற்றி வெவ்வேறு துளை போடக்கூடியவையும் இதில் சேரும். ஆனால் இருட்டில் 3 செ.மீ. தட்டைக் கழற்றி இன்னொன்றை மாட்டுவதைக் கற்பனை செய்து பாருங்கள். கிளம்பும் முன் அன்றைய நிலவுக்கேற்ப ஒன்றைப் பொருத்திக்கொள்ள மட்டும்தான் அது உதவும்.

இரண்டாவது, இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்று நகர்ந்து மூடும் ஐரிஸ். வளையத்தையோ சிறு நெம்பையோ திருப்பினால் துளை படிப்படியாக மாறும். வசதியானது. குறை என்னவென்றால், பல ஐரிஸ்கள் முழுதாகத் திறந்தாலும் லென்ஸின் முழு விட்டத்தை விடுவதில்லை. 18 மி.மீ. வரை திறக்கும் ஐரிஸைப் போட்டால், அதை நீங்கள் பயன்படுத்தாத நேரத்திலும் ஒளியில் மூன்றில் ஒரு பங்கை அது எடுத்துக்கொண்டே இருக்கும்.

மூன்றாவது, கீலில் மேலே தூக்கிவிடக்கூடிய மூடி. துளை நிலையானதாகவோ ஐரிஸாகவோ இருக்கலாம். ஒரு விரல் தட்டில் லென்ஸ் முழுதாகத் திறந்துவிடும். எடையும் நீளமும் சற்றுக் கூடும். தூக்கிய மூடி கிளையில் மாட்டும்.

இருண்ட இடங்களில் அதிகம் நடப்பவருக்குக் கீல் வகைதான் சரி, அதில் உள்ள துளை ஒரே அளவானதாக இருந்தாலும். தெருவிளக்கும் வாகன விளக்கும் உள்ள இடங்களில் மட்டும் புழங்குபவருக்கு நல்ல ஐரிஸ் போதும். இரண்டுக்கும் நடுவில் தடுமாறுபவர் 6 மி.மீ. நிலைத் துளையுள்ள கீல் மூடியில் தொடங்கலாம். பெரும்பாலான கையருகு வேலை அதில் முடிந்துவிடும், பத்து நிலைகள் உள்ள ஐரிஸிலும் கடைசியில் இரண்டு நிலைகளைத்தான் கை தேடிப் போகும்.

ஐரிஸ் வாங்குவதானால் நெம்புக்கு இடையிடையே நின்று பிடிக்கும் சொடுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். கையுறை போட்ட விரலால், கண்ணால் பார்க்காமல், எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிய வேண்டும். இதழ்களின் எண்ணிக்கையைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். குறைந்த இதழ் இருந்தால் ஃபோகஸ் தப்பிய விளக்குகள் பலகோணமாகத் தெரியும், அவ்வளவுதான்.

வாங்கும் முன் அளக்க வேண்டியவை

லென்ஸ் முகப்பின் வெளிவிட்டத்தை வெர்னியர் காலிப்பரால் மூன்று இடங்களில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் விற்கும் கருவிகளிலும் லென்ஸ் தயாரிப்பாளர் மாறினால் முகப்பு மாறும்; கருவியின் பெயரை மட்டும் சொல்லி மூடி வாங்குவதுதான் பொருந்தாமல் திரும்பி வருவதற்கு முதல் காரணம். லென்ஸைக் காக்கும் சமதளக் கண்ணாடி ஏற்கெனவே முன்னால் போட்டிருந்தால் அதையும் சேர்த்து அளவிடுங்கள்.

அடுத்து, மூடி பிடித்துக்கொள்ளக் கிடைக்கும் உதட்டின் நீளம். 4 மி.மீ.க்குக் குறைவாக இருந்தால் வெறும் அழுத்தத்தில் நிற்கும் மூடி நம்பகமில்லை. திருகி இறுக்கும் கவ்வி வளையம் வேண்டும்.

பிறகு, துளை லென்ஸின் முன்கண்ணாடியிலிருந்து எவ்வளவு முன்னால் நிற்கிறது. 40 பாகைப் புலத்தின் விளிம்புக் கதிர் 20 பாகை சாய்ந்து வருகிறது. ஒவ்வொரு 10 மி.மீ. தூரத்துக்கும் அது 3.6 மி.மீ. பக்கவாட்டில் நகரும். ஆகவே மூடி முழுதாகத் திறந்த நிலையில் அதன் விளிம்பு கண்ணாடிக்கு 10 மி.மீ. முன்னால் இருந்தால், திறப்பு கண்ணாடியின் விட்டத்தைவிட 7 மி.மீ. பெரிதாக இருக்க வேண்டும். அதைவிடச் சிறிதாக இருந்தால் படத்தின் ஓரம் இருண்டு வட்டம் சுருங்கியதுபோலத் தெரியும். சிறு துளை நிலையில் இந்தத் தொல்லை குறைவு: 3 மி.மீ. துளை 25 மி.மீ. வரை முன்னால் இருந்தாலும் புலம் பெரிதாக வெட்டுப்படாது. விற்பவரிடம் கேட்க வேண்டியவை இரண்டே எண்கள்: முழுத் திறப்பின் விட்டம், லென்ஸ் முகத்திலிருந்து இதழ்கள் நிற்கும் தூரம். இந்த இரண்டையும் சொல்லாத விளம்பரம் மற்ற எதைச் சொன்னாலும் பயனில்லை.

இரட்டைக் குழாய்க் கருவியானால் இன்னும் ஓர் அளவு. உங்கள் கண்மணிகளுக்கு இடையிலான தூரம் 60 மி.மீ. என்று வையுங்கள். குழாய்களின் மையங்களும் 60 மி.மீ. தள்ளித்தான் நிற்கும். மூடியின் வெளிவிட்டத்தோடு உள்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் நெம்பையும் கூட்டினால் 60-ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஒன்றின் நெம்பு மற்றதில் இடித்து, ஒரு ஐரிஸைத் திருப்பும்போது இன்னொன்றும் திரும்பும்.

எடையையும் கேளுங்கள். மூடி உட்காரும் இடம் முகத்திலிருந்து மிகத் தள்ளி இருக்கும் முனை. பேட்டரிப் பெட்டியில் உணரவே முடியாத 30 கிராம் அங்கே கழுத்தில் உணரப்படும்.

அட்டையில் ஒரு முன்சோதனை

பணம் செலவழிக்கும் முன் எந்தத் துளை உங்களுக்குத் தேவை என்பதை அட்டையிலேயே கண்டுபிடித்துவிடலாம். இரண்டு கறுப்பு அட்டை வட்டங்களுக்கு நடுவே சமையலறை அலுமினியத் தாளை வைத்து ஒட்டுங்கள். அட்டை மட்டும் இருந்தால் அதனூடாகவே ஐ.ஆர். கசியலாம். மூன்று வட்டங்களைச் செய்து நடுவில் 3, 6, 11 மி.மீ. துளை போடுங்கள். சாதாரண அலுவலகக் காகிதத் துளைப்பான் சுமார் 6 மி.மீ. துளை இடும். விளிம்பில் நார் இருந்தால் நுனிக் கத்தியால் சுத்தம் செய்யுங்கள். வட்டத்தை லென்ஸ் கண்ணாடியில் படாதபடி முகப்பின் மேல் காகித டேப்பால் ஒட்டி, மூன்று வெவ்வேறு வெளிச்சத்தில் உங்கள் வழக்கமான வேலைகளைச் செய்து பாருங்கள். எந்த வட்டத்தை எப்போது கழற்றத் தோன்றுகிறது என்பதே நீங்கள் எந்த வகையை வாங்க வேண்டும் என்பதைச் சொல்லிவிடும்.

மூடி கைக்கு வந்ததும்

கறுப்பாகத் தெரிவது ஐ.ஆரில் கறுப்பாக இருக்க வேண்டியதில்லை. சாயமேற்றிக் கறுப்பாக்கிய அலுமினியமும் பல பிளாஸ்டிக்குகளும் 800 முதல் 900 நானோமீட்டரில் சாம்பல் நிறமாகவோ வெளுப்பாகவோ மின்னும். ஜென் 3 (மூன்றாம் தலைமுறை) ட்யூப் பார்ப்பது அந்த அலைவரிசையையும் சேர்த்துத்தான். இதழ்களின் உள்முகம் அப்படி மின்னினால் லென்ஸுக்கும் இதழுக்கும் நடுவே ஒளி முன்னும் பின்னும் தெறித்து, படம் முழுக்க வெளிறிய திரை விழுந்ததுபோல மாறுபாடு குறையும். இருட்டறையில் மூடியை மேசையில் வைத்து, ஐ.ஆர். விளக்கடித்து, கருவியால் பாருங்கள். அது கரியாகத் தெரிய வேண்டும். பிறகு ஐ.ஆர். விளக்கை மூடியின் பின்னாலிருந்து அடியுங்கள். துளையைத் தவிர வேறெங்கும் வெளிச்சம் தெரியக் கூடாது. 3டி அச்சில் மெல்லிய சுவரோடு செய்த மூடிகள் இங்கேதான் தோற்கும்.

துளை மையத்தில் இருக்கிறதா என்று பார்க்க, மூடியை மாட்டி, ஃபோகஸை முடிவிலியில் வைத்து, ஒரு மீட்டரில் உள்ள செங்குத்துக் கோட்டைப் பாருங்கள். ஐரிஸைத் திறந்து மூடும்போது கோடு மங்கித் தெளிய வேண்டும். பக்கவாட்டில் நகரக் கூடாது. நகர்ந்தால் துளை மையம் தப்பியிருக்கிறது. ஒற்றைக் குழாயில் இது பொறுத்துக்கொள்ளக்கூடியது. இரட்டைக் குழாயில் இரண்டு துளைகளும் எதிரெதிர்த் திசையில் 1 மி.மீ. தப்பினால் அரை மீட்டரில் இரு படங்களும் சேர்ந்து 4 மில்லிரேடியன் விலகும். அருகில் உள்ள பொருளின் தூரத்தைக் கை தவறாக மதிப்பிடும், கண்ணும் சோர்ந்துபோகும்.

பி.வி.எஸ்-14 வகையில் ஃபோகஸ் செய்ய லென்ஸ் முகப்பே சுழலும். மூடி அந்தச் சுழலும் பகுதியின் மேல்தான் உட்காருகிறது. ஐரிஸ் நெம்பு ஃபோகஸ் வளையத்தைவிட இறுக்கமாக இருந்தால், ஐரிஸைத் திருப்பும்போது ஃபோகஸும் சேர்ந்து திரும்பிவிடும். ஐரிஸ் மூடிய நிலையில் இது தெரியாது. திறந்த பிறகுதான் தூரம் மங்கியிருப்பது கண்ணில் படும். வாங்கிய அன்றே பத்து முறை திறந்து மூடி, ஃபோகஸ் நகரவில்லை என்பதை உறுதிசெய்யுங்கள். நகர்ந்தால் மூடியை மாற்றுங்கள். ஃபோகஸ் வளையத்தை இறுக்க முயல வேண்டாம்.

ஃபோகஸ் வைக்கும் வரிசை

1. ஐரிஸை முழுதாகத் திறவுங்கள், அல்லது மூடியைத் தூக்கிவிடுங்கள். துளை சிறிதாக இருக்கும்போது ஃபோகஸ் வைத்தால் பிழை தெரியாது. அந்தப் பிழை திறந்ததும் வெளிப்படும்.

2. முதலில் ஐபீஸின் (கண் வைக்கும் லென்ஸின்) டையாப்டரை, அதாவது உங்கள் கண்ணுக்கேற்பத் திருப்பும் வளையத்தைச் சரிசெய்யுங்கள். திரையில் தெரியும் மினுக்கலின் மணிகள் கூர்மையாகும் வரை திருப்பினால் போதும். வெளியே உள்ள காட்சியைப் பார்த்து இதைச் செய்தால் இரண்டு ஃபோகஸ்களும் குழம்பும்.

3. அப்ஜெக்டிவை ஒரு நட்சத்திரத்தின் மேல் வையுங்கள். அது மிகச் சிறிய புள்ளியாகும் இடம் முடிவிலி. நட்சத்திரம் இல்லையென்றால் 100 மீட்டருக்கு அப்பாலுள்ள கூரான விளிம்பு.

4. மூடியை அடிக்கடி திறந்து மூடப் போகிறீர்கள் என்றால் இங்கேயே நிறுத்துங்கள். முடிவிலியில் வைத்திருந்தால்தான் திறக்கும்போது தூரம் கூர்மையாக இருக்கும்.

5. இரவு முழுக்க ஒரே துளையில் இருக்கப் போகிறீர்கள் என்றால் ஃபோகஸைச் சற்று அருகே கொண்டுவந்து லாபம் பார்க்கலாம். துளை விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து 0.77-ஆல் வகுத்தால், ஃபோகஸ் வைக்க வேண்டிய தூரம் மீட்டரில் வரும். அதில் பாதித் தூரத்திலிருந்து முடிவிலி வரை எல்லாம் கருவி காட்டக்கூடிய முழுக் கூர்மையில் இருக்கும். 3 மி.மீ. துளைக்கு 4 மீட்டரில் ஃபோகஸ், 2 மீட்டரிலிருந்து தெளிவு. 6 மி.மீ.க்கு 8 மீட்டர், 4 மீட்டரிலிருந்து. திறந்த 22 மி.மீ.க்கு 29 மீட்டர், 14 மீட்டரிலிருந்து.

6. ஃபோகஸ் வைத்த இடத்தில் சுழலும் வளையத்துக்கும் நிலையான உடலுக்கும் குறுக்கே ஒரு கோட்டை வெண்பேனாவால் குறியுங்கள். தற்செயலாக நகர்ந்தால் விரல் நகத்தால் தடவிச் சரிசெய்யக் குறிக்குப் பதில் துளி ஒட்டும் பசையை மேடாக வைப்பவர்களும் உண்டு.

ஐந்தாவது படியின் லாபம் நடுத்தூரத்துக்குத்தான். கையெட்டும் 40 செ.மீ.யில் 4 மீட்டர் ஃபோகஸுக்கும் முடிவிலிக்கும் உள்ள வேறுபாடு பத்தில் ஒரு பங்குதான். அங்கே துளையின் அளவே எல்லாம்.

கைக் கெயின் குமிழ் உள்ள கருவியில், ஐரிஸை மூடிய பின் கெயினை மெல்லக் கூட்டி, மினுக்கல் உறுத்தத் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் நிறுத்துங்கள். திறக்கும்போது குறைக்க மறக்காதீர்கள்.

இரட்டைக் குழாயில் ஒன்றை மட்டும் மூடலாமா

ஒரு குழாயில் மூடி போட்டு மற்றதைத் திறந்துவைக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு: ஒரு கண் தூரத்தையும் ஒரு கண் அருகையும் பார்க்கும். நின்ற இடத்தில் வேலை செய்ய அது நடக்கும். ஆனால் இரு கண்ணுக்கும் பிரகாசம் வேறுபட்டால் குறுக்கே நகரும் பொருள்களின் ஆழம் தவறாகத் தெரியும். மங்கிய கண்ணின் செய்தி மூளைக்குச் சற்றுத் தாமதமாகப் போவதால் வரும் புல்ஃப்ரிக் விளைவு இது. வண்டி ஓட்டும்போதும் ஆட்கள் நடமாடும் இடத்திலும் இப்படிச் செய்யக் கூடாது. இரண்டிலும் மூடி போடுவதானால் இரண்டும் ஒரே நிலையில் இருக்க வேண்டும். சொடுக்கு இல்லாத ஐரிஸில் இதை இருட்டில் சமன்படுத்துவது ஏறக்குறைய இயலாத காரியம். இரட்டைக் குழாய்க்கு நிலைத் துளையுள்ள கீல் மூடி பொருந்துவதற்கு இது இன்னொரு காரணம்.

இது எதையெல்லாம் செய்யாது

பகலுக்கான பாதுகாப்பாக ஐரிஸை எண்ணிவிடாதீர்கள். நேர் வெயிலில் சுமார் 1,00,000 லக்ஸ் இருக்கும். 1 மி.மீ. துளையில் அதை 484-ஆல் வகுத்தாலும் 200 லக்ஸுக்குச் சமமான ஒளி ட்யூபுக்குப் போகும்; பௌர்ணமியைவிட அது ஆயிரம் மடங்கு. 300 லக்ஸ் அறைவிளக்கில் இதே துளை 0.6 லக்ஸுக்கு இறக்கிவிடும், எனவே வீட்டுக்குள் சில நொடிகள் சரிபார்க்க முடியும். வெளியே பகலில் கருவியோடு வந்த பகல் மூடியை மட்டும் போடுங்கள், அதையும் சூரியனை நோக்கித் திருப்பாதீர்கள். பல ஐரிஸ்கள் முழுதாக மூடுவதும் இல்லை. கடைசி நிலையிலும் நடுவில் ஒரு சிறு துளை இருக்கும். பையில் வைக்கும்போது உண்மையான மூடி வேண்டும்.

லேசரிலிருந்தும் இது காக்காது. துளையைவிட மெல்லிய கற்றை முழுதாக உள்ளே போய் ட்யூபின் ஒரே புள்ளியில் குவியும்.

விளக்குகளைச் சுற்றித் தெரியும் ஒளிவட்டம் சுருங்கும் என்று எதிர்பார்ப்பவர்களும் ஏமாறுவார்கள். அந்த வட்டத்தின் அளவு ட்யூபுக்குள் ஒளியை எலெக்ட்ரானாக மாற்றும் ஃபோட்டோகேத்தோடுக்கும் அந்த எலெக்ட்ரான்களைப் பெருக்கும் மைக்ரோசேனல் தட்டுக்கும் உள்ள இடைவெளியால் வருவது. ஐரிஸ் அதன் பிரகாசத்தைக் குறைக்கும், அகலத்தைக் குறைக்காது. ஆனாலும் எதிரே வரும் விளக்கின் பக்கத்தில் நிற்பவரை அடையாளம் காண அந்தக் குறைவே உதவும்.

பிழைகளும் காரணங்களும்

படம் திடீரென வெளிறி, ஓரத்தில் பிறை வடிவ வெளிச்சம் விழுந்தால், கருவியின் ஐ.ஆர். விளக்கு மூடியின் வெளிவிளிம்பில் பட்டுத் திரும்புகிறது. மூடி விளக்கை மறைக்காதபடி திருப்பி மாட்டுங்கள். கீல் வகையில் தூக்கிய மூடியின் உள்முகமும் இதைச் செய்யும்.

நடுவில் கூர்மையாகவும் ஒரு பக்கம் மட்டும் இருண்டும் தெரிந்தால் மூடி சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. கழற்றி, உதட்டில் மணலோ ரப்பர் மடிப்போ இருக்கிறதா என்று பார்த்து மறுபடி அழுத்துங்கள்.

குளிரில் மூடி கழன்று விழுவது ரப்பர் விறைத்துப் பிடிமானம் இழப்பதால். முன்பே சொன்ன கவ்வி வளையம் இருந்தால் இது நேராது. இல்லையென்றால் மெல்லிய நைலான் கயிற்றால் கருவியின் உடலோடு கட்டி வையுங்கள். கயிறு லென்ஸ் முன் தொங்காத நீளத்தில் இருக்கட்டும்.

மூடி போட்டபின் லென்ஸ் முகம் அதிகம் பனிக்கிறது என்றால், நடுவில் அடைபட்ட காற்று உலர வழியில்லை. ஈரமான இடத்திலிருந்து வந்ததும் மூடியைக் கழற்றி இரண்டையும் தனித்தனியே உலரவிடுங்கள். மாட்டியபடியே பெட்டியில் பூட்டினால் கண்ணாடியில் பூஞ்சை பிடிக்கும்.

ஐரிஸ் இதழ்களுக்கு எண்ணெய் போடக் கூடாது. எண்ணெய் இதழ்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும், பிறகு ஊர்ந்து லென்ஸுக்கும் வரும். மணல் புகுந்து கரகரத்தால் திறந்த நிலையில் வைத்து ரப்பர்க் காற்றூதியால் இரு பக்கமும் ஊதுங்கள். வாயால் ஊதினால் ஈரம் சேரும். அதற்குப் பிறகும் கரகரத்தால் நெம்பை வலுக்கட்டாயமாகத் திருப்ப வேண்டாம். ஓர் இதழ் மடங்கினாலே துளை கோணலாகும், மடங்கிய முனை முன்கண்ணாடியைக் கீறும்.